மிஃபாவும் நேதாஜியும்

2019-ஆம் ஆண்டு, தமிழர் கால் பதிந்த இரண்டு சிறிய காற்பந்துக் குழுக்களுக்கு உச்ச ஆண்டு. சென்னை சிட்டி இந்தியாவின் ஐ-லீக் கோப்பையை வென்றது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெட்டாலிங் ஜெயா சிட்டி, மலேசிய சூப்பர் லீக்கில் முதன்முறையாகக் களம் கண்டது. 2023 பிறந்தபோது இரண்டுமே அந்த லீக்குகளில் இல்லை.

இரண்டுக்கும் 'சிட்டி' பிற்பாடு வந்த பெயர். சென்னைக் குழு 1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கியது. பெட்டாலிங் ஜெயா குழு அதற்கு முன் மிஃபா, அதாவது மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி. மிஃபாவுக்குப் பின்னால் ஒரு நீண்ட இழப்பு இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் மாலையானால் திடல் நிறையும். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆறுமுகம் போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் செந்தூலுக்கும் பத்துமலைக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்தார்கள். திடல் அவர்களோடு வரவில்லை. 2010-இல் தேசியக் குழுவுக்கு சுசுகி கோப்பையை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால் நம்மவர்தான்; ஆனால் தேசியக் குழுவில் நம் பிள்ளைகளை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

அந்தக் குறையை எண்ணித்தான் மிஃபா அணி லீக்குக்குள் வந்தது. 2016-இல் மூன்றாம் நிலையான எஃப்.ஏ.எம். லீக்கை வென்றது. 2017-இல் பிரிமியர் லீக். 2018 முடிவில், கே. தேவன் பயிற்சியில், சூப்பர் லீக். ஒவ்வொரு படியும் ஆடி ஏறியது.

சென்னைக் குழு ஏறவில்லை. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடி இடம் பெற்றது. அடுத்த பருவமே கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்குக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, ரசிகர்களோ கோவை! சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெத்ரோ மான்சி 21 கோல் அடிக்க, கடைசி நாளில் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி வாகை சூடினார்கள். அழகான ஆட்டம் அது. எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் அதில் மெருகேறி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) குழுக்களுக்குப் போனார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. ஆனாலும் 2021-22 ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை.

கோப்பையை வைத்துப் பார்த்தால் சென்னைக்கே முதலிடம். நான் 2021-ஐ வைத்துப் பார்க்கிறேன். பெருந்தொற்று எல்லாக் கழகங்களையும் உலுக்கிய அந்தப் பருவத்தில், பெட்டாலிங் ஜெயா சிட்டி வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், பி. மணியம் பயிற்சியில் சூப்பர் லீக்கில் ஆடியது. எதிரணிகளில் பிரேசில், ஆப்பிரிக்கத் தாக்குநர்கள். ஆனாலும் கீழே இறங்கவில்லை. உள்ளூர்ப் பையன்களை நம்பி இவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிய அந்தப் பருவம், எனக்கு ஒரு கோப்பைக்குக் குறைந்ததல்ல. அதற்கான புகழ் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்பது என் ஆதங்கம். 2023 பருவம் தொடங்குவதற்கு முன் குழு லீக்கிலிருந்து விலகியது.

விழுந்த பிறகுதான் இரண்டுக்குமான பெரிய வேறுபாடு தெரிகிறது. சென்னையில் சிட்டி போனாலும் கீழே சென்னை லீக் இருக்கிறது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். என அலுவலகக் குழுக்கள் பல்லாண்டுகளாக ஆடிய களம் அது. ஆட்டக்காரனுக்கு அடுத்த வாரமும் ஓர் ஆட்டம் உண்டு. இங்கே மலேசியாவில் நாம் பெரும்பாலும் உச்சியையே பார்த்தோம். சூப்பர் லீக்கில் ஒரு குழு இருந்தால் போதும் என்று நினைத்தோம். அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் வட்டார ஆட்டங்களுக்கு அதே அக்கறையைக் காட்டவில்லை.

மிஃபா முதலில் வென்றது மூன்றாம் நிலை லீக்கைத்தான். அந்த நிலையில் ஒரு குழுவை நடத்த சூப்பர் லீக் அளவுக்குப் பணம் வேண்டாம். பத்துமலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பதினைந்து வயதுப் பையன்களுக்கு வாராவாரம் ஆட்டம் வைத்து, அவர்களைக் கொண்டே அந்தக் கீழ்நிலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இம்முறை பெயரை மாற்றாமல்.