நொச்சி (உயிர்வேலிச் செடி)

நொச்சி, தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஆற்றோரங்களில் தானாக வளர்வதும் வேலியாக நட்டு வளர்க்கப்படுவதுமான மணமுள்ள புதர்ச்செடி. தாவரவியல் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. துளசியின் குடும்பமான லாமியேசியைச் சேர்ந்தது. ஐரோப்பியத் தோட்ட வேலிகளில் எல்டர் புதருக்கு உள்ள இடம் நம் ஊரில் இதற்கு உண்டு: இரண்டுமே போத்து நட்டால் வளரும், வீட்டு வைத்தியத்துக்கும் உதவும்.

தோற்றம்
இரண்டு முதல் ஐந்து மீட்டர் வரை உயரும். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து ஈட்டி வடிவச் சிற்றிலைகள் விரல்போல் விரியும். நடு இலையே பெரிது. மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் வெளுப்பு. கிளை நுனியில் நீலம் கலந்த ஊதாப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். கடலோர மணலில் காணப்படும் நீர்நொச்சி இதற்கு நெருங்கிய உறவு.

நடவு
புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில், சுண்ணாம்பாற்றின் கரையில் உள்ளது நோணாங்குப்பம். இத்தகைய ஆற்றோர ஊர்களுக்கு நொச்சி மிகப் பொருத்தம். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி வெட்ட வேண்டும். அடியைச் சாய்வாகச் சீவி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். வேலிக்கு ஓரடி இடைவெளி போதும். தனிச்செடிக்கு ஐந்தடி விட வேண்டும்.

பராமரிப்பு
வேர் பிடித்த செடிக்கு உரமும் மருந்தும் பெரிதாகத் தேவையில்லை. ஆடு மாடுகள் பொதுவாக இதைக் கடிப்பதில்லை; வேலிக்கு இதைத் தேர்ந்தெடுக்க அதுவே முதல் காரணம். கவாத்து ஒன்றுதான் தவறக்கூடாத வேலை. வெட்டாமல் விட்டால் அடி வெறுமையாகி, நுனி மட்டும் தழைக்கும். ஆண்டுக்கு இருமுறை இடுப்பளவுக்கு வெட்டினால் அடியிலிருந்தே துளிர்த்து வேலி அடர்த்தியாகும். புயலில் கிளை முறிந்தாலும், முறிந்த இடத்துக்குக் கீழே சுத்தமாக வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும்.

பயன்
கவாத்தில் விழும் தழை எதுவும் வீணாகாது. சளிக்கு ஆவி பிடிக்கவும், நெல், பயறு சேமிப்பில் பூச்சி அண்டாமல் போடவும், அந்தி நேரத்தில் மாட்டுக் கொட்டிலில் மூட்டம் போடவும் உதவும். செடி நிற்பதால் மட்டும் கொசு ஓடிவிடாது. இலை கசங்கும்போதும் புகையும்போதும் வெளிப்படும் எண்ணெயே கொசுவை விரட்டுகிறது. உள்ளுக்குச் சாப்பிடுவதானால் சித்த மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

இலக்கியத்தில்
புறப்பொருள் வெண்பாமாலையில் நொச்சி தனித் திணை. மதிலைக் காத்து நிற்கும் வீரர் இப்பூவைச் சூடுவர். மதில் காத்தவர் சூடிய பூவுக்குரிய செடி, இன்று வீட்டு மனையைக் காக்கும் வேலியாக நிற்கிறது.