டாஷ்போர்டு மீட்டரும் ஒரு கணக்குப் புத்தகம்தான்!



பி.காம். படிக்கிறவன் பழைய கார் பற்றி ஏன் எழுதுகிறான் என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். கடைசி வரை படியுங்கள், நம்ம பாடம் தானாக வந்து சேரும் :-)

எங்கள் சாரத்தில், அப்பாவின் நண்பர் ஒருவர் (எனக்கு மாமா முறை) ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கிறார். 1962 மாடல். அதை வாங்க வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மைல் காட்டுற மீட்டர் வேண்டாம். கிலோமீட்டர் மீட்டர் மாட்டி, பூஜ்யத்திலிருந்து ஆரம்பிச்சுக் குடுங்க." மீட்டரைக் கழற்ற மாமா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கற்றுக்கொண்ட சரித்திரம்தான் இந்தப் பதிவு.

முதலில் காரின் கதை. டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அதையே 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 948 சி.சி. இன்ஜினுடன் தயாரித்தது. ஏன் இங்கேயே தயாரிக்க வேண்டும்? 1953-ல் டாரிஃப் கமிஷன் கொடுத்த அறிக்கைதான் காரணம். வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து பூட்டித் தருகிற கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, படிப்படியாக உள்நாட்டிலேயே செய்பவர்களுக்கே அனுமதி என்பது அதன் சாரம் (எங்கள் ஊர் சாரம் இல்லை!). ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையை மூடிக்கொண்டு போயின. ஹெரால்டில் ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்கள் கூடின. பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல் வந்தது. கோவையில் பிரிக்கால் 1975-ல் வண்டி மீட்டர்கள் செய்ய ஆரம்பித்தது.

இப்போது மைலுக்கு வருவோம். எடை அளவைச் சட்டம் 1956-ல் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நுழைந்தன. 1962 ஏப்ரல் 1 முதல் பழைய அளவைகளுக்கு விடை கொடுத்தாயிற்று. ஆனால் வண்டிக்குள் இருக்கும் மீட்டரைச் சட்டம் போட்டு ஒரே ராத்திரியில் மாற்ற முடியுமா? சாலையில் கிலோமீட்டர் கல், டாஷ்போர்டில் மைல் முள். அந்தக்கால டிரைவர்கள் மனக்கணக்குப் போட்டே ஓட்டியிருப்பார்கள். மொழியிலும் மைல் போகவில்லை. இன்றும் சாதனை என்றால் "மைல்கல்" என்றுதானே சொல்கிறோம்!

புதுச்சேரிக்காரனாக எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. மெட்ரிக் முறை பிறந்த நாடு பிரான்ஸ். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம்ம ஊர் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். மெட்ரிக் கட்டாயமான அதே வருடம்! அந்த வருடத்து வண்டி ஒன்று பிரிட்டிஷ் மைல் டயலோடு சாரத்தில் நிற்கிறது.

சரி, கழற்றும் வேலை. முதல் விதி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிரவுன் ஒயரில் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் உரசினால் புகைதான். லூகாஸ் வண்ண முறையில் பச்சை ஒயர் மீட்டர்களுக்கு, பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்க் அளவுக்கு, சிவப்பு மீட்டர் விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. இத்தனை வருடத்து வெயிலில் எல்லா நிறமும் ஒரே மாதிரி ஆகியிருக்கும். அதனால் ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டி, போட்டோவும் எடுத்தோம். டயலுக்குப் பின்னால் இருக்கும் மீட்டர் கேபிளின் நட்டை விரலாலேயே திருப்ப வேண்டும். கட்டிங் பிளேயர் போட்டால் மரை போய்விடும்.

கேபிள் கழன்றதும் மீட்டர் கையில் வந்தது. உள்ளே நடப்பது எளிய விஷயம். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதை ஒட்டியிருக்கும் அலுமினியக் கிண்ணம், தொடாமலே காந்தத்தின் பின்னால் இழுபடுகிறது. ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடக்கும் போட்டிதான் முள் காட்டும் வேகம். பெர்லினில் ஓட்டோ ஷுல்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது அது. மைலுக்கு 1000 என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 621. இந்தக் கணக்கு பொருந்தாத மீட்டரை மாட்டினால் முள் வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லும்.

இனி நம்ம பாடம். மீட்டரில் இருந்த எண் 47,318. ஐந்து இலக்கம்தான், 99,999-க்கு அப்புறம் மறுபடியும் பூஜ்யம். எனவே அது ஏற்கெனவே ஒரு சுற்று முடித்ததா என்பதை எண்ணே சொல்லாது. பில்லும் ரிப்பேர் நோட்டும்தான் சொல்லும். புதிய மீட்டரைப் பூஜ்யத்தில் மாட்டி வண்டியைக் கொடுத்தால், ஓப்பனிங் பேலன்ஸ் எழுதாமல் புதுப் பேரேடு ஆரம்பிப்பது மாதிரி. எதையும் திருடவில்லை, ஆனாலும் கணக்கு தப்பு.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "விலை குறைச்சுக் கேட்பான்டா" என்றார். பிறகு அவரே நோட்டை எடுத்து எழுதினார்: கழற்றிய தேதி, 47,318 மைல், அதாவது 76,151 கிலோமீட்டர், புதிய மீட்டரின் ஆரம்ப எண் பூஜ்யம். கையெழுத்தும் போட்டார். பழைய மீட்டரைத் துணியில் சுற்றி, நோட்டோடு சேர்த்து வண்டியோடு கொடுப்பதாக முடிவு. வாங்குகிறவர் விலையைக் குறைத்தாரா என்பது அடுத்த வாரம் தெரியும்.

அந்தக் கம்பெனி 1980-களின் கடைசியில் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. வண்டியின் வரலாறு இனி இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் மிஞ்சும். உங்கள் வீட்டுப் பழைய வண்டியில் மீட்டர் மாற்றினால், கழற்றுவதற்கு முன் அந்த எண்ணை எழுதி வையுங்கள். ஒரு வரிதான்!