மரப்பாவை முதல் கணினிப் பாவை வரை

நாணமற்றவர்களின் நடமாட்டத்தை, கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளது போல மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர் (குறள் 1020). அறம் சொல்ல வந்த அந்த உவமைக்குள் ஒரு தொழில் இலக்கணமும் அடங்கியிருக்கிறது. உயிரற்ற உடலை அசைக்கக் கயிறு வேண்டும். பார்ப்பவரோ கயிற்றை மறந்து உயிரை நம்ப வேண்டும். கணினி அசைபடத் துறையினர் இன்று 'ரிக்கிங்' என்று அழைப்பது இதனைத்தான்.

ரிக்கிங் என்பது பாய்மரக் கப்பலின் கயிற்றமைப்பைக் குறிக்கும் பழைய சொல். எந்தக் கயிற்றை இழுத்தால் எந்தப் பாய் திரும்பும் என்பதை வல்வெட்டித்துறைக் கப்பலோட்டிகள் நன்கறிந்திருந்தனர். உருவத்துக்கும் அத்தகையதோர் அமைப்புத் தேவைப்படுகிறது.

நம் பொம்மலாட்டக் கலைஞர்கள் அதனை மரத்திலே செய்து காட்டினார்கள். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அவ்வளையத்தைக் கலைஞர் முடிபோலத் தலையில் அணிந்துகொள்வார். பாவையின் கைகளை இயக்கக் கோல்களும் உண்டு. நாலரை அடி உயரமும் சுமார் 10 கிலோ எடையும் கொண்ட பாவைகளும் இருந்தன. இலங்கையில் அம்பலாங்கொடைப் பகுதியில் வாழும் 'ரூகட நாட்டிய' என்னும் கயிற்றுப்பாவைக் கூத்தினை யுனெஸ்கோ 2018இல் மானிட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கணினியில் இக்கதை 1972இல் தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மாணவர்களான எட் கற்மல், பிரெட் பார்க் இருவரும் கற்மலின் இடது கையை அச்செடுத்து, அதன் மேற்பரப்பைச் சிறு பல்கோணங்களாகப் பிரித்துக் கணினியில் ஏற்றினர். திரையில் அந்தக் கை விரல்களை மடக்கியது. பார்க், மனித முகத்தின் அசைவுகளையும் ஆராய்ந்தார்.

இன்றைய ரிக்கிங்கின் அடிப்படைக் கூறுகளை ஐந்தாகச் சொல்லலாம். முதலாவது எலும்புக்கூடு. தோளைத் திருப்பினால் முழங்கை தொடரும், முழங்கையைத் தொடர்ந்து மணிக்கட்டு வரும். தாய் மூட்டைச் சேய் மூட்டு பின்பற்றும் என்பதே விதி. இரண்டாவது, எலும்பின் மீது தோலைப் பொருத்துதல். மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எத்தனை பங்கு கட்டுப்படும் என்று எண்களால் வகுக்கப்படும். முழங்கை அருகேயுள்ள ஒரு புள்ளி மேற்கைக்குப் பாதி, முன்கைக்குப் பாதி எனக் கட்டுப்படலாம். இப்பங்கீடு பிழைத்தால், முறுக்கிய மிட்டாய்த் தாள் போல மூட்டு சுருங்கிவிடும். மூட்டுகளைச் சார்ந்து தோல் வளையும் முறையை நாடியா மக்னெனா தல்மான் குழுவினர் 1988இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

மூன்றாவது, இயக்கத்தைக் கணக்கிடும் முறை. தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திருப்பிச் செல்வது ஒரு வழி. கையை ஓரிடத்தில் வைத்துவிட்டு, முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைக் கணினியிடமே விட்டுவிடுவது மற்றொரு வழி. பாவையின் கையில் கட்டிய கயிற்றை இழுத்தவுடன் முழங்கை தானாக மடங்குகிறதல்லவா? இரண்டாம் வழி அதுவே. நான்காவது முகபாவம். சிரிப்பு, சினம் முதலிய வடிவங்களைத் தனித்தனியே செய்துவைத்து வேண்டிய அளவில் கலப்பார்கள். ஐந்தாவது கைப்பிடிகள், அதாவது அசைபடக் கலைஞர் பற்றி இழுக்கும் கட்டுப்பாடுகள். 1995இல் வெளிவந்த 'டோய் ஸ்டோரி' படத்தில் வூடி என்னும் பாத்திரத்தின் முகத்துக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட கட்டுப்பாடுகள் இருந்தன.

1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்துக்காக, உணர்கருவிகள் பொருத்திய உலோக எலும்புக்கூடு ஒன்றை உருவாக்கினார்கள். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்துப் பழகிய கலைஞர்கள் அதனைக் கையால் வளைக்க, கணினியிலிருந்த டைனோசரும் வளைந்தது. பழைய தொழிலாளரின் கைத்திறனைப் புதிய தொழில் ஏற்றுக்கொண்ட நற்சான்று இது.

தமிழர் பங்கும் இதில் சிறிதன்று. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் ஈடுபட்ட 'சிந்துபாத்' படம் 2000இல் வெளிவந்தது. நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து முழுநீளப் படமாக்கிய முன்னோடி முயற்சி அது. 2014இல் வெளியான 'கோச்சடையான்' ரஜினிகாந்தின் அசைவுகளையே பதிவுசெய்தது. எனினும் உருவங்களில் உயிர்ப்புக் குறைவு என்று விமர்சகர் பலர் எழுதினர். நடிகர் எத்தகையவராயினும், அவரது அசைவைத் தாங்கும் எலும்பும் தோலும் செம்மையாக அமைய வேண்டும் என்பதே நான் அதிலிருந்து பெறும் பாடம்.

இவ்வளவு உழைத்தும் கயிறு கட்டுபவர் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறார். 'லைஃப் ஒஃப் பை' படத்தின் புலிக்கு உயிரூட்டிய ரிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம், அப்படம் 2013 பெப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதைப் பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே வங்குரோத்து மனுத் தாக்கல் செய்திருந்தது. பாவைக்குக் கைதட்டும் நாம் பாவையமைத்தவரை அறிவதில்லை. பொம்மலாட்டக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கண்ட அதே நிலைமை இது.

ஆயினும் ஒரு கதவு திறந்திருக்கிறது. பிளெண்டர் என்னும் மென்பொருளை விடுவிக்க 2002இல் பயனாளர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டினர். அன்றுமுதல் அதனை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் பழைய கணினியொன்றுடன் இருக்கும் பிள்ளைக்கும் இத்தொழிலின் கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளது. இல்லாதது தமிழில் படிப்படியாகச் சொல்லித்தரும் பாடநூல். தோள், முழங்கை, மணிக்கட்டு என்ற மூன்று மூட்டுகளிலிருந்து அதனைத் தொடங்கலாம். அறிந்தவர்கள் எழுத முன்வர வேண்டும்.