கமராவும் அரைப்பேரும்

சித்திரை பிறக்கும் முன்னரே நுவரெலியாவில் 'சீசன்' பிறந்துவிடுகிறது. கொழும்பின் புழுக்கத்துக்கு அஞ்சி மலையேறி வருவோரால் கிரகரி வாவிக்கரை நிரம்புகிறது. குதிரைப் பந்தயம் ஒருபுறம், மலர்க் கண்காட்சி மறுபுறம். வருவோர் யாவரிடமும் ஒரு கமரா உண்டு. இந்நாளில் அது கைத்தொலைபேசிக்குள்ளேயே அடங்கிவிட்டது. தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே வளைவுகளில் வாகனத்தை நிறுத்தி, கூடை சுமந்து நிற்கும் பெண்களைப் படமெடுக்காது செல்வோர் அரியர்.

அதே நாட்களில்தான் மழை தொட்ட மலைகளில் கொழுந்து பொங்குகிறது. பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும் காலம் அது. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவின் அளவும் அப்பொழுது பல தோட்டங்களில் உயர்ந்துவிடும். ஆக, ஒரே மாதம், ஒரே வீதி. வீதியின் மேற்புறம் ஆண்டின் மிகுந்த வேலை. வீதியின் கீழ்ப்புறம் ஆண்டின் மிகுந்த ஓய்வு. இரண்டுக்கும் நடுவே ஒரு கமரா.

நாமும் படமெடுக்கும் ஆசை கொண்டவரே. முதற் தவணைப் பரீட்சை முடிந்து, விடைத்தாட் கட்டுகளைத் திருத்தி, புள்ளி அட்டவணைகளை நிரப்பிக் கொடுத்தபின்னரே கமராவைத் துடைத்துக் கையில் எடுக்கின்றோம். வேலை மிகுந்த காலத்திலும் இத்தகைய பொழுதுபோக்குக்கு நேரங் காண்பது எப்படி என்று ஆலோசனை கூறுவோர் பலர். அதிகாலையில் எழுந்திரு, கமராவை எப்பொழுதும் பையில் வைத்திரு, ஒரு நாளுக்கு ஒரு படமேனும் எடு என்பன போன்றவை. இவற்றிற் பிழையொன்றுமில்லை. ஆனால் படமெடுக்க ஒருவர் நேரங் கண்டால், படத்தில் நிற்க மற்றொருவரும் நேரங் காண வேண்டுமல்லவா? அந்த இரண்டாவது நேரத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மலையகத்தின் புகைப்பட வரலாறே இக் கேட்கப்படாத கேள்வியின் வரலாறு எனலாம்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தைக் காண வேண்டுவோர் பொகவந்தலாவைக்குச் செல்லலாம். தேயிலை மலைகள் சூழ்ந்த அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தின் முற்றத்தில் ஜூலியா மாகிரட் கமரன் என்னும் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்து, 1863 இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கியவர். தெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலிய பேரறிஞரின் முகங்களை உலகம் இன்றும் நினைவிற் கொண்டிருப்பதில் இவருடைய படங்களுக்குப் பெரும் பங்குண்டு. புகைப்படம் ஒரு கலையே என்று வாதாடி வென்ற முன்னோடிகளுள் ஒருவர்.

இப் பெண்மணி இம்மலைக்கு வந்ததேன்? கணவர் சார்ள்ஸ் ஹே கமரனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவர்தாம். அக்குழுவின் விசாரணையையொட்டி 1832 இல் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டதென நம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். ஊழியத்தளையை அறுக்க வழிசெய்த குழுவில் இருந்தவரே பின்னர் தோட்ட முதலாளியானார் என்பதைப் பாடநூல் விரித்துரைப்பதில்லை. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் கால்நடையாகவே கொண்டுவரப்பட்டனர். கங்காணியிடம் பட்ட கடனும், கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டிவைத்த துண்டு முறையும் அவர்தம் பொழுதை விலைக்கு வாங்கிவிட்டன. துண்டு முறை ஒழிந்தது 1921 இலேதான்.

1875 இல் கமரன் தம்பதியர் கப்பலேறினர். கிழக்கே சவப்பெட்டி கிடைக்குமோ கிடையாதோ என்றெண்ணி இரண்டு பெட்டிகளையும் உடன் எடுத்துச் சென்றனராம். துறைமுகச் சுமைகாரருக்குக் கூலியாகப் பணத்துக்குப் பதில் தாம் எடுத்த புகைப்படங்களையே கொடுத்தார் அம்மையார் என்றும் கூறுவர். அப்படங்கள் இன்று பெரும் பொருள் பெறும். அன்று அச் சுமைகாரர் அவற்றைக் கொண்டு அந்தியுணவை எவ்வாறு வாங்கினரோ நாம் அறியோம்.

அக்காலப் புகைப்பட முறையை இங்கே சற்று விளக்குதல் தகும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவிலிட்டுப் படமெடுத்து, அப்பொழுதே இருட்டறையிற் கழுவித் தீர்க்க வேண்டும். தூய நீர் நிறைய வேண்டும். நீரை எடுத்துவர ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்துக்கு நிற்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். இன்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவது அன்று ஒரு முற்பகல் வேலை. எடுப்பவருக்கு அது பொழுதுபோக்கு. நிற்பவருக்கு அது மற்றுமோர் ஊழியம்.

இலங்கையில் அம்மையார் எடுத்தவற்றுள் இன்று அறியப்பட்டவை முப்பதுக்கும் குறைவே. அவற்றுட் சில களுத்துறையில், மகனுடன் தங்கியிருந்த காலத்தில் எடுக்கப்பட்டவை. 1877 அளவில் அங்கே விருந்தினராகச் சென்ற ஓவியர் மரியான் நோர்த் தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி எழுதுகிறார். ஊரவர் ஒருவரின் முதுகழகில் அம்மையார் மயங்கினார். அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி மகனை வற்புறுத்தினார். ஆனால் அங்கே தோட்டமேயில்லை, அம்மனிதருக்கோ அச்சொல்லின் பொருள்கூடத் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாக எழுதினார். நமக்கு இது பொருளாதாரப் பாடமாகவே படுகிறது. ஒருவரின் பொழுதுபோக்குக்கு மற்றொருவரின் பொழுது தேவைப்பட்டது. அதனை விலைகொடுத்து வாங்கக் கூலிப் பட்டியலில் ஓர் இடம் உண்டாக்கப்பட்டது. ஒருவகையில் இது நேர்மையான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். படத்துக்கு நின்றமைக்குச் சம்பளம் பெற்றவர் இந்நாட்டிற் பலர் இருந்திருக்க மாட்டார்.

இங்கிலாந்தில் அம்மையார் தம் வேலைக்காரியைக் கன்னி மரியாளாக நிறுத்திப் பல படங்கள் எடுத்தார். அவ்வேலைக்காரியின் பெயர் மேரி ஹில்லியர் என்பது கலை வரலாறு படிப்போர் யாவரும் அறிந்தது. இலங்கைப் படங்களில் நிற்பவர்களோ 'களுத்துறை விவசாயிகள்', 'இளம்பெண்' என்னும் அளவில் நின்றுவிட்டனர். அவர்தம் முகங்களிலுள்ள கம்பீரத்தையும் சோர்வையும் ஒருங்கே பதிவுசெய்த அக்கண்ணை நாம் குறைகூறவில்லை. முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். அப்பொழுதே கோப்பியும் நோயுற்றுச் செத்துக்கொண்டிருந்தது, தேயிலை தலையெடுத்தது.

தேயிலையோடு விற்பனைப் புகைப்படமும் வந்தது. ஸ்கீன், ஸ்கோவன், 1890 இல் தொடங்கிய பிளேட் ஆகிய நிறுவனங்களின் படங்கள் தபாலட்டைகளாகக் கப்பலேறின. மூக்குத்தியும் தோடும் அணிந்த பெண்ணொருத்தி கூடையுடன் நிற்க, கீழே 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிப்பவள்' என்னும் சொற்கள். 1900 இல் கொடாக் நிறுவனத்தின் பிறவுணி கமரா இங்கிலாந்தில் ஐந்து சிலிங்குக்கு விற்பனைக்கு வந்தபின், துரைமாரும் துரைசானிமாரும் தாமே படமெடுக்கலாயினர். காலைச் சுற்று முடிந்தால் பிற்பகல் அவர்களுடையதே. ஞாயிறு முழுதும் அவர்களுடையதே. மலிவான கமரா என உலகம் கொண்டாடிய இப்பெட்டி தொழிலாளிக்கு எவ்வளவு மலிவு? 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டன. முப்பது ஆண்டுக்கு முந்திய விலையையே கொண்டு கணக்கிடினும், பெட்டி மட்டும் ஒரு பெண்ணின் ஏறத்தாழ எட்டு நாட்கூலியாகும். படச்சுருளும் கழுவுகூலியும் வேறு.

கூலியைவிட அரியது நேரம். பிரட்டுக்குப் போகுமுன் சமையல், பிள்ளை மடுவத்தில் குழந்தையை விடுதல், மாலையில் கொழுந்து நிறுத்தபின் விறகு, தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை என்றாலோ துணி துவைப்பு. கொழுந்து மிகுந்த காலமாயின் அன்றும் கைக்காசுக்குப் பறிக்க அழைப்பு வரும். இந்நாட்குறிப்பில் பொழுதுபோக்குக்கு எங்கே கோடு கிழிப்பது?

1930களில் கமராவைக் கலையாகக் கையாண்ட நம் நாட்டவர் லயனல் வென்ட். சட்டம் பயின்றவர், பியானோக் கலைஞர், வசதி படைத்த குடும்பத்தவர். தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் பேசில் றைற் 1934 இல் உருவாக்கிய 'இலங்கைப் பாட்டு' என்னும் திரைப்படத்தில் ஒலிப்பது அவருடைய குரலே. தேயிலை கொடுத்த பணத்தில் எடுத்த அப்படத்தில் தேயிலைத் தொழிலாளர் பெற்ற இடம் சிறிது. வென்ட்டின் கலையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. அவருக்கு ஓய்வு இருந்தது, அதை அவர் வீணாக்கவில்லை, அவ்வளவே.

எனின், தோட்டத்து மக்கள் தாமே விரும்பிக் கமராவின் முன் எப்பொழுது நின்றனர்? பெருந்தொகையாக நின்ற காலம் ஒரு துயரமான காலம். 1948 இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டுகள் கழித்து, 1974 இல், சரிபாதியாகப் பங்கிட்டனர். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் படப்பிடிப்பு நிலையங்களின் வாசலில் குடும்பம் குடும்பமாக மக்கள் நின்றனர். அன்றைய கூலியை இழந்து, இரவல் சட்டையணிந்து, தீட்டிய திரையின் முன் விறைத்து நின்று எடுத்த படம். பிரிந்து செல்வோர் தங்குவோரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறினர். லயத்துக் காம்பராவின் சுவரில் சாமிப் படத்தருகே இன்றும் தொங்கும் மங்கிய படங்களுட் பல இவ்வாறு எடுக்கப்பட்டவையே. தங்கியோர்க்கும் படம் எளிதில் அடையாளம் தந்துவிடவில்லை. தேசிய அடையாள அட்டை 1972 இல் வந்தது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003 இலேதான் வந்தது.

இத்தனையும் அறிந்திருந்தும் நாமே ஒருமுறை அத் தவறைச் செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் விடுமுறையில், ஹட்டனுக்கு அப்பால் எம் பெரியம்மா கொழுந்து பறிக்கும் மலைக்கு, பழைய விலைக்கு வாங்கிய கமராவுடன் சென்றோம். காலை வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்த நேரம். சற்றே நிமிர்ந்து நிற்கும்படி வேண்டினோம். பெரியம்மா கையை நிறுத்தாமலே சொன்னார்:

"நின்னா அரைப்பேருதான் விழும் தம்பி. ஞாயித்துக்கெழம வா."

அரைப்பேர் என்பதை வெளியூர் வாசகர்க்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாட்கூலிக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த கிலோ பறித்தால் செக்ரோலில் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நாள்தோறும் தன் பெயரைக் கிலோவால் ஈட்ட வேண்டியவர்களே, பெயரின்றித் தபாலட்டையில் உலகெங்கும் சென்றவர்கள்.

ஞாயிறன்று சென்றோம். நாம் மனத்தில் வரைந்து வைத்திருந்த படம் வேறு: பனி, கூடை, பச்சை மலை. பெரியம்மா கூடையைத் தொடவே மறுத்துவிட்டார். பேத்தியின் பூப்புனித நீராட்டுக்கு வாங்கிய நீலச் சேலையை உடுத்தி, காம்பரா வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தார். காலிற் செருப்பு அணிந்துகொண்டார். அட்டை கடித்த தழும்பு தெரியாதபடி சேலையை இழுத்துவிட்டார். வெளிச்சம் கூரையால் மறைந்திருந்தது. கலை நோக்கில் அது சிறந்த படமன்று. அவர் எண்ணியபடியே வந்திருந்தது.

ஹட்டனிற் பிரதியெடுத்துக் கொடுத்தபொழுது, பின்புறத்தில் பெயரை எழுதித் தரச் சொன்னார். செக்ரோலில் எழுதுவினைஞர் ஒருவர் என்றோ பிழையாக எழுதியது ஒரு பெயர். வீட்டில் அழைப்பது மற்றொரு பெயர். எதனை எழுதுவதென்று கேட்டோம்.

"வீட்டுப் பேரையே எழுது. அந்தப் பேருக்குக் கொழுந்து நிறுக்க வேணாம்."

எழுதினோம். தேதியையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், எங்களைத் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு, சேலையை மடித்துப் பெட்டியில் வைக்க உள்ளே சென்றார்.