நீ எதற்காக வந்தாய்?

நெய்யாற்றின்கரைப் பக்கம் கொல்லயிலில் எங்கள் பாட்டா லண்டன் மிஷன் உபதேசியார். செமினாரிப் படியை மிதித்தவர் அல்ல. பைபிள், பாட்டுப்புத்தகம், வினாவிடை, ஒரு குடை. படிப்பும் சொத்தும் அவ்வளவுதான். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரைப் பத்துக் கற்பனையும் விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் பிசகில்லாமல் சொல்லவைப்பார். பிறகுதான் எந்த வினாவிடையிலும் விடை இல்லாத கேள்வி வரும்: “நீ எதுக்கு வந்தே?”

தென்திருவிதாங்கூரில் இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல். 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாக வந்த ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடியில் அதைத்தான் கேட்டார். ஆத்தும இரட்சிப்பை நாடி வந்தவர்கள் ஒருசிலரே, மற்றவர்கள் என்னென்னவோ காரணங்களுக்காக வந்தவர்கள், அவை வெளிப்பட வருஷங்கள் ஆகும் என்று எழுதியும் வைத்தார். நேர்மையான மனிதர். ஆனால் அந்தக் காரணங்கள் எவை? தலைவரி, கூலியில்லாத ஊழியவேலை, மேல்சாதிக்காரர் கை அடி. அடிபட்ட முதுகோடு வந்தவனிடம் ஆத்துமாவுக்காக வந்தாயா, முதுகுக்காக வந்தாயா என்று பிரித்துக் கேட்பதில் எனக்கு இன்றும் சம்மதமில்லை.

ரிங்கல்தௌபேக்கு முன்னோடி மயிலாடிக்காரர் மகராசன் வேதமாணிக்கம். சிதம்பரம் வரை போய் மனம் ஆறாமல், தஞ்சாவூரில் மிஷனெரி கோலாப் ஐயரின் பிரசங்கம் கேட்டுத் திரும்பியவர். 1816-இல் ஊரைவிட்டுப் போகும்போது ரிங்கல்தௌபே தன் அங்கியையே அவருக்குப் போர்த்திச் சபைகளை ஒப்படைத்தார். பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. அடுத்த மிஷனெரி மீட் ஐயர் வந்த பிறகுதான் நாகர்கோவிலில் செமினாரி முளைத்தது. பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனதும் அதுதான். நம்மவர் போதகராக அபிஷேகம் பெற 1866 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கிராமத்துச் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசிமார்.

எங்கள் பகுதிக்குத் தலைமையிடம் பாறசாலை. அங்கே 1840-களில் அப்ஸ் ஐயர், 1859-இல் மட்டீர் ஐயர். உபதேசிமார் குறித்த நாளில் மிஷன் பங்களாத் திண்ணையில் கூடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாய், என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொருவரிடமும் விசாரணை நடக்கும். அதன் பிறகே வேதபாடம். அம்மை போட்டால் யாரைக் கும்பிடுவது? ஞானஸ்நானம் எடுக்காமல் செத்த அப்பன் எங்கே இருக்கிறான்? இப்படிப்பட்ட கேள்விகளை நடந்த காலோடு சுமந்து வந்தவர்களுக்கு அந்தத் திண்ணைதான் செமினாரி. நாகர்கோவில் படிப்பைவிட அது ஒருபடி மேல் என்பேன். திண்ணையில் கேள்வி ஊரிலிருந்து வந்தது, புத்தகத்திலிருந்து அல்ல.

1855-இல் அடிமைமுறை ஒழிந்ததாகச் சர்க்கார் அறிவித்த பின் புலையரும் சாம்பவரும் திரளாகச் சபை தேடி வந்தார்கள். அவர்களிடமும் அதே கேள்வி. இந்த முறை கேட்டவர்களில் சில தலைமுறைக்கு முன் அதே கேள்விக்குத் தலைகுனிந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. புதிதாக வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு மனம் வரவில்லை. எங்கள் சபைச் சரித்திரத்தில் யாரும் விரும்பிப் பேசாத பகுதி இது.

பிறகு காலம் மாறியது. 1943-இல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய வைதிக செமினாரி வந்தது, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை. 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு போயிற்று, நெய்யாற்றின்கரையும் நாங்களும் கேரளத்தில் நின்றோம்.

அந்தக் காலத்து மிஷனெரிகள் அனுப்பிய கடிதங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கைப்பட எழுதியவை அவை. பதில் சொன்னவர்களின் பேச்சு அருகிலிருந்து பதிவானது உபதேசிமாரின் நோட்டுகளில்தான். உங்கள் சபையின் பழைய பெட்டியில் ஞானஸ்நானப் பதிவேடோ, உபதேசியார் நாட்குறிப்போ கிடந்தால் கரையானுக்கு விடாதீர்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் வெளியே எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.