அழிக்கப்பட்ட நாடாக்களும் டார்கெட் நாவல்களும்

நாவலிலிருந்து திரைப்படம் பிறந்தால் அதைத் தழுவல் என்கிறோம்; படத்திலிருந்தோ தொலைக்காட்சித் தொடரிலிருந்தோ நாவல் பிறந்தால் அதை வெறும் வணிகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த வழக்கத்தை நாம் சற்று மறுபரிசீலனை செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடரையொட்டி வெளிவந்த டார்கெட் மலிவுப்பதிப்பு வரிசைதான் அது.

காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு முதியவரின் கதையாக இத்தொடர் 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் தொடங்கியது. அடுத்த மாதமே டெர்ரி நேஷன் எழுதிய டாலெக்குகளின் கதை ஒளிபரப்பாகி, நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. அந்த ஏழு பகுதிகளை நாவலாக்கியவர் டேவிட் விட்டேக்கர். தொடரின் முதல் கதை ஆசிரியராக அவற்றைச் செப்பனிட்டவரும் அவரே. நூல் 1964-இல் வெளிவந்தது.

விட்டேக்கர் செய்தது வியப்பானது. தொலைக்காட்சியில், சூசன் என்னும் மாணவியின் விசித்திரமான அறிவால் குழம்பிய இரண்டு பள்ளி ஆசிரியர்கள் அவளைப் பின்தொடர்ந்து சென்று டாக்டரின் விண்கலத்துக்குள் நுழைகிறார்கள். நாவலிலோ பள்ளிக்கூடமே இல்லை. பனிமூட்டம் கவிந்த இரவில், லண்டனின் பார்ன்ஸ் காமன் அருகே நேர்ந்த ஒரு சாலை விபத்தில் கதை தொடங்குகிறது. அதைச் சொல்பவர் இயான் செஸ்டர்டன். ‘நான்’ என்று தன்மையிலேயே சொல்கிறார். திரையில் இல்லாத கண்ணாடி டாலெக் ஒன்றும் நாவலில் வருகிறது.

1973-இல் தொடங்கப்பட்ட டார்கெட் பதிப்பகம் இந்நூலையும் அறுபதுகளில் வந்த வேறு இரு நாவல்களையும் மறுபதிப்புச் செய்தது. அவை நன்றாக விற்கவே, புதியவற்றை எழுதுவிக்கும் வேலை தொடங்கியது. அன்றைய கதை ஆசிரியர் டெர்ரன்ஸ் டிக்ஸ் 1974-இல் தம் முதல் நாவலைத் தந்தார். பின்னாளில் அவர் எழுதியவை அறுபதைத் தாண்டின. அலங்காரமற்ற, விரைந்து செல்லும் நடை அவருடையது. பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு வாசிப்புப் பழக்கத்தை ஊட்டியவர் என்று 2019-இல் அவர் மறைந்தபோது பலரும் நினைவுகூர்ந்தனர்.

இந்நூல்களுக்கு வேறொரு பொறுப்பும் தானாக வந்து சேர்ந்தது. அக்காலத்தில் ஒளிநாடா விலை மிகுந்தது; அழித்துவிட்டு மீண்டும் பதிவு செய்யத்தக்கது. நடிகர் சங்க ஒப்பந்தங்களால் மறுஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு இருந்தது. வண்ணத் தொலைக்காட்சி வந்த பின்னர் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை வாங்குவோரும் அருகினர். பாதுகாப்பது யார் பொறுப்பு என்பதும் தெளிவாக வகுக்கப்படவில்லை. ஆகவே, 1967 முதல் 1978 வரை பி.பி.சி. தன் நாடாக்களையும் படச்சுருள்களையும் அழித்துக்கொண்டே வந்தது. முதல் ஆறாண்டுகளின் 253 பகுதிகளில் 97 பகுதிகள் 2013 கணக்கின்படியும் கிடைக்கவில்லை. வீட்டில் வீடியோ இல்லாத அக்காலத்தில், பழைய கதை ஒன்றை அறிய விரும்பிய வாசகனுக்குக் கைக்கெட்டியது இந்த நாவல் ஒன்றே.

இங்கேதான் வரலாற்று மாணவர்களாகிய நமக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. டாலெக் கதையின் ஏழு பகுதிகளும் தற்செயலாகவே தப்பிப் பிழைத்தன. அவையும் அழிந்து, விட்டேக்கரின் நூல் மட்டும் எஞ்சியிருந்தால், பனிமூட்ட விபத்தே தொடரின் தொடக்கம் என்று நாம் உறுதியாக எழுதிவைத்திருப்போம் அல்லவா? மூலம் மறைந்தபின் அதன் வழிநூலே மூலத்தின் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. ஆனால் அது எழுதப்பட்டது அந்த நோக்கத்தோடு அன்று. நற்பேறாக, அக்காலச் சிறுவர் சிலர் வீட்டில் ஒலிப்பதிவு செய்துவைத்ததால், காணாமற்போன எல்லாப் பகுதிகளின் ஒலியும் பிழைத்திருக்கிறது. ஜான் லூகரோட்டி எழுதிய ‘மார்கோ போலோ’வின் ஏழு பகுதிகளும் காட்சியாக இல்லை. எனினும், இருபதாண்டுகளுக்குப் பிறகு அவரே எழுதிய நாவலை அந்த ஒலியோடு ஒப்பிட நம்மால் இயல்கிறது.

அப்படியானால் மூலத்தை அடியொற்றிய நாவலே சிறந்ததா? நாம் அவ்வாறு கருதவில்லை. மால்கம் ஹல்க் 1974-இல் எழுதிய ‘தி கேவ் மான்ஸ்டர்ஸ்’ நாவலைப் பாருங்கள். 1970-இல் ஒளிபரப்பான தொடரில் பெயரின்றி வந்துபோன ஊர்வன இனத்தாருக்கு அவர் பெயர் சூட்டினார். அவர்கள் நெடுந்துயிலுக்குச் செல்லும் காட்சியை அவர்கள் பார்வையிலேயே முதல் அத்தியாயமாக்கினார். ரப்பர் உடையணிந்த நடிகர்கள் உணர்த்த முயன்றதைச் சொற்கள் எளிதாக உணர்த்திவிட்டன: பூமி அவர்களுக்கும் சொந்தமானது.

தொலைந்துபோன சில பகுதிகள் திரும்பியும் வந்தன. 1967-இன் ‘டூம் ஆஃப் தி சைபர்மென்’ ஹாங்காங்கில் கிடைத்து 1992-இல் வீடியோவாக வெளிவந்தது. ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது. படம் திரும்பி வரும்போது, அதைப் பதிவுசெய்ய மட்டுமே எழுதப்பட்ட நூலின் பணி முடிந்துவிடுகிறது. படத்தில் இல்லாததைச் சேர்த்த நூலோ மீண்டும் வாசிக்கப்படுகிறது.

2018-இல் டார்கெட் பெயரிலேயே, பழைய அட்டைப்பாணியிலேயே புதிய நாவல்கள் வரத்தொடங்கின. ‘ரோஸ்’ என்ற கதையை அதன் திரைக்கதையாசிரியர் ரஸ்ஸல் டி. டேவிஸே நாவலாக்கினார். அந்தப் பகுதியை விரும்பியபோது பார்க்க எவருக்கும் தடையில்லை. அழிந்துவிடும் என்ற அச்சமும் இல்லை. இருந்தும் அது நாவலாக எழுதப்பட்டது, வாசிக்கவும் பட்டது. படத்துக்கு மாற்றாகப் பிறந்த வடிவம், மாற்றுத் தேவைப்படாத காலத்திலும் நிலைத்திருக்கிறது. வணிகம் என்று நாம் ஒதுக்கிய அந்த அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்க இது ஒன்றே போதிய காரணம்.