அச்சம் கட்டிய மொழி மையங்கள்

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சத்தில் அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அயல்மொழி மையங்கள் தழைத்தது அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவு தந்த பணத்தில்தான். செலவில் பாதி வரை அரசு ஏற்றது. கற்பிக்கும் முறையோ இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ வீரர்களுக்காக உருவானது. சிறு குழுவின் முன்னால் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் அமர்ந்து ஒரு வாக்கியத்தைச் சொல்வார். நாக்கு பழகும் வரை மாணவர்கள் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இலக்கணத்தை மொழியியலாளர் விளக்குவார். பேராசிரியர் என்ற தகுதி அவருக்கு உண்டு. பேச வைத்தவருக்குப் பெரும்பாலும் இல்லை.

இந்த மையங்கள் உளவுக்கும் ஆதிக்கத்துக்கும் ஆள் தயாரித்த கூடங்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதலில் முன்னுரிமை பெற்றவை அரபு, சீனம், இந்தி-உருது, ஜப்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யன் ஆகியவை. எல்லாம் அரசுக்குத் தேவைப்பட்ட மொழிகள். அந்த வரிசையில் தமிழ் இல்லை. ஆனாலும் சிகாகோவிலும் பென்சில்வேனியாவிலும் தமிழ் வகுப்புகள் நடந்தன. இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு ஈடாக அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அங்குள்ள நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தமிழ் நூல்களும் போயின. அதே 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போன கவிஞர் ஏ.கே. ராமானுஜன் கையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. 1967இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து, சங்கக் கவிதைக்கு உலகெங்கும் வாசகர்களைத் தேடித் தந்தது. பாதுகாப்புச் சட்டம் எழுதியவர்கள் யாரும் குறுந்தொகையை நினைத்திருக்க மாட்டார்கள். நோக்கத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பணம் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்குமா என்றால், நடந்திருக்காது. ஆனால் அச்சத்தில் வந்த பணம் அச்சம் தணிந்ததும் சுருங்கும். அப்போது முதலில் அடிபடுவது மாணவர் குறைவான மொழியும், ஆண்டு ஒப்பந்தத்தில் அதைக் கற்பிப்பவரும்தான். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் இருக்கைகளுக்கு மனமுவந்து அள்ளித் தருகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். அடுத்த முறை கொடுக்கும்போது, முதலாண்டு மாணவருக்கு அகரம் சொல்லித் தரும் ஆசிரியருக்கு நிரந்தரப் பணி உண்டா என்றும் கேளுங்கள்.